மேலே வராதவள்

கரண்டித் தண்ணீர் உதட்டோரமாக வழிந்து அப்பாவின் கழுத்துக்கு இறங்கியது. துடைக்கத் துண்டை எடுத்த மகளின் மணிக்கட்டை அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். நேற்றிலிருந்து டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத கை அது.

“அந்தப் பக்கத்தைப் படி, பாப்பா.”

“எந்தப் பக்கம்பா?”

தெரியாதவள் போலத்தான் கேட்டாள். தெரியும்.

“கை,” என்றார் அப்பா.

அம்மா மாத்திரை அட்டைகளை அடுக்குவதை நிறுத்தினாள். ஜன்னலோரம் சித்தப்பாவின் சட்டைக்கைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்த சித்தி, பாதி நுழைந்த பொத்தானோடு நிமிர்ந்து பார்த்தாள். சித்தப்பாவுக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. ஒரு கை உள்ள மனிதர் மற்ற எல்லாப் பொத்தானையும் எப்படியோ பழகி மாட்டிவிடலாம். அந்த ஒரே கையின் பொத்தானை மட்டும் மாட்ட முடியாது. கல்யாணமான மறுநாள் காலையிலிருந்து அது சித்தியின் வேலை.

“படிக்கட்டும், அக்கா,” என்றாள் சித்தி அம்மாவைப் பார்த்து. “அதுக்குத்தானே எங்களை வரச் சொல்லியிருக்காரு. கை போனது எங்க வீட்டுக்காரருக்கு, கதை எழுதறது உங்க வீட்டுக்காரரு. என்னதான் எழுதியிருக்காருன்னு நாங்களும் கேக்கறோம்.”

“படுத்திருக்கிற மனுஷன் முன்னாடி பேசற பேச்சா இது?”

“அவரு எழுந்து நடக்கிறப்பவும் நான் இதைத்தான் சொன்னேன்.”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க,” என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

காலையில் வந்த டாக்டர், இன்றையப் பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று வாசலில் செருப்பு மாட்டும்போது மெல்லச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது அப்பாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். உடனே தம்பிக்குப் போன் போடச் சொன்னார். தம்பி வந்த பிறகும் அவரோடு எதுவும் பேசவில்லை. இந்தப் பக்கத்தைத்தான் கேட்டார்.

மேசையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து வந்து கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தாள் மகள். அப்பா மறுபடியும் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா மெதுவாக நடந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதி ஆயுள் ஒரு கம்பெனியில். கம்பெனி வெளியே அனுப்பிய பிறகு மீதி ஆயுள் தனியாக. சுற்றுவட்டாரத்து உயரமான கட்டடங்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். ஒருமுறை அச்சகக்காரர் ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, மூச்சு முட்டுகிறது, பெண்டாட்டியைக் கூப்பிடுங்கள் என்று கதறியிருக்கிறார். அப்பா கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டே ஏதோ கதையை ஆரம்பித்தாராம். கதவு திறந்ததும் அந்த மனிதர் வெளியே ஓடவில்லை. “அப்புறம் அந்த மாப்பிள்ளை என்னதான் பண்ணாரு?” என்று உள்ளே நின்றபடியே கேட்டாராம். அன்றிலிருந்து, இதையெல்லாம் புத்தகமாகப் போட்டே தீருவேன் என்று அச்சகக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்.

“லிஃப்ட்டுல என்ன சார் கதை? ஏறும், இறங்கும்,” என்றார் அப்பா.

“நடுவுல நிக்குதே, சார். அங்கதான் கதை.”

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அப்பா சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் அடித்தாள். அவள் பள்ளியில் மொழிப் பாடம் நடத்துகிறவள். ஆரம்பித்த அன்றே அப்பா, “நீ பசங்களுக்கு எடுப்பியே, சுயசரிதை, வாழ்க்கை வரலாறுன்னு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார்.

“தன் கதையைத் தானே சொன்னா சுயசரிதைப்பா. அதையே இன்னொருத்தர் சொன்னா வாழ்க்கை வரலாறு.”

“அப்ப இது முதல் வகை. நான் சொல்றதுதான். நீ என் விரல் மட்டும்தான், சரியா?”

“சரிப்பா.”

வகுப்பிலும் அவள் இதையேதான் சொல்லித் தருவாள். ஒரு தடவை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “ரெண்டு பேர் சொல்றதும் வேற வேறயா இருந்தா, மிஸ்?” என்று கேட்டாள். “அது பரீட்சைக்கு வராது, உக்காரு,” என்றாள் இவள். வகுப்பே சிரித்தது.

இப்போது அவள் பக்கத்தைப் பிரித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

“‘அன்று உச்சி மாடியில் இயந்திர அறையில் நானும் என் தம்பியும் வேலை செய்தோம். இயந்திரத்தில் கை வைப்பவன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குத் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவன் பையில்தான் இருக்க வேண்டும். உன் உயிரை இன்னொருவன் பையில் போடாதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். என் தம்பி முறையாகப் பூட்டியிருந்தான்.’”

பின்னால் சித்தப்பாவின் மூச்சுச் சத்தம் கேட்டது.

“‘மூத்தவன் என்பதால் எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டு, அவனை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் பூட்டைத் திறந்து மின்சாரத்தைக் கொடுத்தேன். சக்கரம் சுழன்றது. அவன் கை உள்ளே இருந்தது.’”

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

அடுத்து ஒரு வரி வர வேண்டும். பக்கத்தில் அது இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த வரியைச் சொன்னபோது அவள் விரல்கள் நகரவில்லை. கண்ணாடி போடாமல் உட்கார்ந்திருந்த அப்பா, சற்றுப் பொறுத்து, “அடிச்சிட்டியா?” என்று கேட்டார். “அடிச்சிட்டேன்பா,” என்று சொல்லிவிட்டு, இரண்டு வரிக்கு இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். அப்பாவிடம் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான். அப்பா அவளைச் சொல்லச் சொன்ன பொய்யும் ஒன்றுதான்.

சித்தப்பாவின் கை போன அன்று அவள் பள்ளிச் சிறுமி; பள்ளி அரை நாள். சாப்பாட்டுக் கேரியரை அவளிடம் கொடுத்து அனுப்பினாள் அம்மா. லிஃப்ட் வேலை நடந்ததால் படியேறித்தான் போனாள். மாடிக்கு மாடி கேரியரைக் கை மாற்றிக்கொண்டு உச்சிக்கு வந்தபோது இயந்திர அறைக் கதவு திறந்திருந்தது. சித்தப்பா சுவரில் செருகிய கண்ணாடித் துண்டைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். பின்னாளில் சித்தியாகப் போகிறவள் சினிமாக் கொட்டகை வாசலில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்த மதியம் அது. சீப்பைப் பையில் போட்டார். அதே பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் பூட்டைத் தானே திறந்தார். சுவிட்சை மேலே தள்ளினார். சக்கரம் சுழல ஆரம்பித்த பிறகுதான் அதன்மேல் துடைக்கிற துணி கிடப்பதைப் பார்த்தார். எடுக்கக் கையை நீட்டினார்.

அவள் கேரியரை மேல்படியிலேயே வைத்துவிட்டுக் கீழே ஓடினாள். கீழ்த்தளத்தில் இருந்த அப்பா மேலே ஓடினார். எல்லோரும் சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, படிக்கட்டுத் திருப்பத்தில் அப்பா அவள் முன்னால் மண்டியிட்டார். சட்டையெல்லாம் கறை. “பாப்பா, நீ மேல வரல. கேரியரைக் கீழ வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்ட. புரியுதா?” என்றார். “நான் பாத்தேனேப்பா,” என்றாள். “நீ மேல வரல,” என்றார் மறுபடியும். அதட்டவில்லை. கெஞ்சினார். அப்பா கெஞ்சி அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேலை முடியும் முன்பே தன் பூட்டைத் திறந்து, ஓடுகிற சக்கரத்தில் கை வைத்தவனைக் கம்பெனி அன்றே வெளியே தள்ளியிருக்கும். அண்ணன் பழியை ஏற்றுக்கொண்டதால் அண்ணனுக்கு வேலை போனது; தம்பிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. “கை இல்லேன்னா என்ன, நிரந்தர வேலை இருக்குல்ல?” என்று சித்தி தன் வீட்டில் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணப் பந்தியில் தொடங்கி இன்று வரை, புருஷனின் கையை வாங்கியவர் என்று மூத்தவரை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அப்பாவின் பிடி இறுகியது. அவர் அந்த வரிக்காகக் காத்திருந்தார். கண்கள் அவள் முகத்தில் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்ற தம்பியின் முகத்தில் இருந்தன.

இல்லாத வரியை அவள் படித்தாள்.

“‘என் மகள் சாப்பாட்டுக் கேரியரைக் கீழே காவலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் மேலே வரவில்லை.’”

குரல் நடுங்கவில்லை. வகுப்பில் படிப்பது போலவே வந்தது. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

“டேய், கேட்டியா?” என்றார் அப்பா.

சித்தப்பா மறுபடியும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கேட்டேண்ணா.”

“அவ்வளவுதான். அப்படியேதான் அச்சுல வரும்.”

அவள் மணிக்கட்டிலிருந்து அப்பாவின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

லிஃப்ட் தளத்துக்கு வந்து நிற்கும்போது உள்ளே இருப்பவனுக்குத் தெரியக் கூடாது, குலுங்கினால் மெக்கானிக் சரியில்லை என்பார் அப்பா. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய நேரத்தில் அவர் அப்படித்தான் நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். கூடத்தில் அடுக்கியிருந்த வாடகை நாற்காலிகளில் யார் யாரோ உட்கார்ந்து, தங்களை லிஃப்ட்டிலிருந்து மீட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கதையிலும் அப்பா ஒவ்வொரு மாதிரி இருந்தார். ஒரு கதையில் அவருக்குச் சுருட்டைமுடிகூட இருந்தது.

அடுக்களையில் அம்மா தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடியும் திறந்தாள்.

“என்னம்மா தேடறே?”

“ஒண்ணுமில்ல.” மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். “உங்கப்பா ராத்திரி கேஸை மூடினா, படுத்தவரு எழுந்து வந்து இன்னொரு தடவை மூடுவாரு. நானே பாத்துட்டேங்கன்னாலும் கேக்க மாட்டாரு. அவரா அடுத்தவன் பூட்டைக் கேக்காம திறந்தாரு?”

அவள் கண் அடுப்புக் குமிழுக்குப் போனது.

“பொய்னு எனக்குத் தெரியும்டி. எதுக்குன்னுதான் தெரியாது. கேட்டா சிரிப்பாரு. நேத்து நீ படிக்கிறப்பகூட நினைச்சேன், கடைசியிலயாவது சொல்வாருன்னு. அச்சடிச்சு வேற வெக்கிறாரு.” பானையை மூடினாள். “சரி, விடு. தெரியாமலே நானும் போய்ச் சேர வேண்டியதுதான்.”

அவளுடைய போன் அடித்தது. அச்சகக்காரர். தயங்கித் தயங்கிப் பேசினார். போனை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குள் வந்தாள். கட்டிலில் மெத்தை இல்லை. மேசைமேல் காகிதக் கட்டு இருந்தது.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு மிஷின்ல ஏத்தறேன். கடைசியில ரெண்டு பக்கம் காலியா இருக்கு. அவர் மறைஞ்ச விஷயத்தை அவரே எழுத முடியாதில்லையா? அதை நீங்க எழுதினா, அப்புறம் அட்டையில சுயசரிதைன்னு போடறதா, வேற என்ன போடறது? எனக்கு ஒண்ணும் ஓடலை.”

அவள் கட்டைப் புரட்டினாள். இரண்டு வரி இடம் அப்படியே வெறுமையாக இருந்தது. அப்பாவின் வரியை இப்போதுகூட அதில் அடித்துவிடலாம். அல்லது அவர் சொன்னதை நீக்கிவிட்டு நடந்ததைப் போடலாம். இனி திருத்திக் கேட்க ஆள் இல்லை. இரண்டில் எதை மட்டும் செய்தாலும் கை கூசும் போலிருந்தது.

“சார், அப்பா சொன்னது சுயசரிதைதான். அட்டையில அப்படியே போடுங்க. அதுல ஒரு வரி விட்டுப்போச்சு, இப்ப அனுப்பறேன். அவர் சொன்ன மாதிரியே இருக்கட்டும், ஒரு எழுத்தையும் மாத்தாதீங்க.”

“சரிம்மா.”

“கடைசியில நான் எழுதித் தரேன். அது அப்பாவோட கணக்குல வராது. நான் பாத்தது. கீழ என் பேரைப் போடுங்க. ரெண்டு பக்கம் பத்தாது. ஒரு நாள் பொறுங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கதவருகே சித்தப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வெளியே போய் வந்து குளித்துச் சட்டை மாற்றியிருந்தார். இடது சட்டைக்கை பொத்தான் மாட்டாமல் தொங்கியது.

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“அதுல என் பேரும் வருமா, பாப்பா?”

அவள் கட்டை மேசையில் வைத்தாள். இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சைக்கிள் பழகினாள். “வராம எப்படி சித்தப்பா எழுதறது?”

அவர் தலையாட்டினார். அப்பா சாய்ந்துகொள்ளும் நாற்காலியில் உட்காரப் போனவர், உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்த வரி பேப்பர்ல இல்லையே.”

“பாத்தீங்களா?”

“உனக்குப் பின்னாடிதானே நின்னேன்.” அவர் பார்வை காகிதக் கட்டுக்குப் போனது. “பேப்பரைப் பாத்துத் தெரிஞ்சுக்கல. அன்னிக்கே தெரியும். என்னைத் தூக்கிட்டுப் போறப்ப மேல்படியில கேரியர் இருந்துச்சு. ஒரு பக்கமா சாய்ஞ்சு, குழம்பு ஒழுகிட்டு. வாட்ச்மேனுக்கு முட்டிவலி, அவன் எங்க மேல வரப்போறான்? உன்னைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தக் கேரியர்தான் தெரியும். நீ எப்பவாவது கேப்பேன்னு இருந்தேன். நீயும் கேக்கல.”

“அப்பா நான் மேல வரலேன்னு சொல்லிட்டாரு.”

“ஆமா. எனக்கும் ஒண்ணு சொல்லிட்டாரு. நீ பூட்டியிருந்தடான்னு. மயக்கம் தெளியறதுக்குள்ள சொல்லிட்டாரு. இல்லண்ணான்னு சொல்ல வாயைத் திறந்தேன். கல்யாணம் பண்ணிக்கிறியா இல்லையான்னாரு.” சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை.

கூடத்திலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டு அடங்கியது. அவள் காகிதக் கட்டின் ஓரங்களைத் தட்டி நேராக்கினாள். நேராகவே இருந்ததை மறுபடியும் தட்டினாள்.

“எழுத வேண்டாம்னு சொல்றீங்களா, சித்தப்பா?”

கேட்டுவிட்டு, அவர் ஆமாம் என்றால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுக்களையில் மூடியும் கையுமாக நின்ற அம்மா கண்ணில் வந்தாள். சித்தியும் வந்தாள்.

“எழுதாதேன்னு சொல்லத்தான் வந்தேன்,” என்றார் அவர். “கதவுகிட்ட வந்தா, நான் பாத்ததுன்னு சொல்லிட்டிருக்கே.” சட்டைக்கையை உடம்போடு தேய்த்து மேலே ஏற்றிக்கொண்டார்; அது மறுபடியும் இறங்கியது. “நீ பாத்ததைப் பாக்கலேன்னு சொல்ல எனக்கு என்ன இருக்கு? ஆனா ஒண்ணு. உன் சித்தி இதைப் புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது.”

கதவு தட்டப்பட்டது. சித்தி இரண்டு கையிலும் டீ டம்ளர்களோடு தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“ரெண்டு பேரும் இங்க என்ன ரகசியம்? அங்க வந்தவங்களைக் கவனிக்க ஆள் இல்ல. அக்கா தண்ணிப் பானையையே பாத்துட்டு நிக்கிறாங்க.” டம்ளர்களை மேசையில் வைத்தாள். “ஐயோ, கையைத் தொங்க விட்டுட்டே சுத்தறீங்களா? ஊரே வந்திருக்கு. காட்டுங்க இப்படி.”

“அப்புறம் போடலாம். நீ கொஞ்சம் வெளியில வா.”

“ஒரு நிமிஷம் ஆகுமா இது?”

“வா, சொல்றேன்.”

அவர் குரலில் ஏதோ இருந்தது. சித்தி மகளைப் பார்த்தாள். மேசையில் இருந்த காகிதக் கட்டைப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் அவர் பின்னால் போனாள்.

மகள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வெறுமையாக இருந்த இடத்தில் அப்பாவின் வரியை அடித்தாள். அவர் சொன்ன சொற்களிலேயே, அவர் நிறுத்திய இடங்களிலேயே நிறுத்தி. அவள் மேலே வரவில்லை. அடித்து முடித்ததும், “அடிச்சிட்டேன்பா,” என்று வாய்க்குள் சொன்னாள். பிறகு அதை மூடிவிட்டுப் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

‘அன்று பள்ளி அரை நாள்’ என்று ஆரம்பித்தாள். மேலே போகவில்லை. எழுந்து ஜன்னலருகே வந்தாள்.

பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார். இங்கே எதுவும் கேட்கவில்லை. சித்தி, பேச்சு என்ன பேச்சு, கைவேலை நடக்கட்டும் என்பதுபோல அவர் இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பொத்தானை விரல்களுக்கு நடுவில் பிடித்து, துளைக்கு நேராகக் கொண்டுபோனாள்.

அங்கே அவள் விரல்கள் நின்றன.

சித்தப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்தினார். கொடியில் காய்ந்த அப்பாவின் வேலைச்சட்டை ஒரு பக்கமாகப் பறந்து அடங்கியது. மேசையில் டீ ஆடை கட்டியது. வெகுநேரம் கழித்து மகள் பார்த்தபோதும் பொத்தான் மாட்டப்படவில்லை. சித்தி அந்தக் கையையும் விடவில்லை.